தோற்ற பாடகனும் கேட்ட சபையும்

கலைஞனின் வாழ்வைக் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் ஒரே தடத்திலே செல்வன. முதலிலே வறுமை, அடுத்து அவமதிப்பு, ஈற்றிலே, நிறைந்த சபை எழுந்து நின்று கைதட்டும் வெற்றி. பார்க்க வந்தோரும் அக்கலைஞனைத் தாமே தூக்கிவிட்டது போன்ற திருப்தியுடன் வீடு திரும்புவர். இத்திருப்தியைக் கொடுக்க மறுத்த படமொன்று 2013ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அமெரிக்கச் சகோதரர்களான ஜோயல் கோயனும் ஈதன் கோயனும் எழுதி நெறிப்படுத்திய 'இன்சைட் லூவின் டேவிஸ்' என்பதே அப்படம். நாட்டுப் பாடல் பாடிப் பிழைக்க முயன்று தோற்றுப்போகும் ஓர் இளைஞனின் வாழ்க்கையில் ஏறத்தாழ ஒரு வாரமே அதன் கதை.

படத்தின் சிறப்பைப் பற்றி எழுதப்பட்டவை பல. ஆயின், பார்த்தவர்கள் அதனை எவ்வாறு ஏற்றனர், எதற்காகக் குறைப்பட்டனர் என்பதும் அதற்குச் சற்றும் குறையாத சுவையுடைய விஷயமாகும். சபையோராற் கைவிடப்படும் பாடகன் ஒருவனைக் காட்டும் படம், தானும் ஒரு சபையின் முன்னே வந்து நிற்கின்றதன்றோ? அச்சபை வழங்கிய தீர்ப்பு யாது? அத்தீர்ப்பு நியாயமானதா?

தீர்ப்பு ஒருமுகமாக அமையவில்லை. 2013 மே மாதத்திலே நடைபெற்ற கான் திரைப்பட விழாவில், ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் தலைமையிலான நடுவர் குழு அதற்கு இரண்டாவது பெரும் பரிசாகிய 'கிராண்ட் பிறீ'யை அளித்தது. அமெரிக்காவின் தேசியத் திரைப்பட விமர்சகர் சங்கம் அவ்வாண்டின் தலைசிறந்த படமாக அதனையே தெரிந்தது. நெறியாளர், நடிகர், ஒளிப்பதிவாளர் ஆகியோர்க்குரிய கௌரவங்களையும் அதற்கே வழங்கியது. ஹொலிவூட்டின் பெருஞ்சபையோ, ஒஸ்கார் பரிசுக்காக ஒளிப்பதிவு, ஒலிக்கலவை என்னும் இரு பிரிவுகளில் மாத்திரம் அதன் பெயரை முன்மொழிந்து, ஒரு பரிசேனும் கொடாது விட்டது. ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் ஏறத்தாழ 3 கோடி 30 இலட்சம் டொலரை வசூலித்தது. முதலுக்கு மோசமில்லை, எனினும் பெருவெற்றி என்று சொல்வதற்கில்லை. 2016ஆம் ஆண்டிலே, பி.பி.சி. நிறுவனம் பல நாட்டு விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டுத் தயாரித்த 21ஆம் நூற்றாண்டின் சிறந்த நூறு படங்களின் பட்டியலில் அது 11ஆவது இடத்தைப் பெற்றது. விமர்சகர் தலையில் வைத்துக் கொண்டாடிய இப்படத்தைப் பார்த்துவிட்டு வந்த பொதுமக்களிற் பலர் உதட்டைப் பிதுக்கினர். பாட்டு உலகத்தைச் சேர்ந்த சிலர் கோபமே கொண்டனர்.

ஒரு வாரத்துக் கதை

முறைப்பாடுகளை விளங்கிக்கொள்வதற்குக் கதையைச் சிறிது அறிதல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் குளிர்காலம். நியூயோர்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதி. மக்டூகல் வீதியிலே 'கேஸ்லைட்' என்னும் கோப்பிக்கடை. அங்கே கிற்றாருடன் அமர்ந்து பழம்பாடல் ஒன்றைப் பாடுகிறான் லூவின் டேவிஸ். அவனோடு சேர்ந்து பாடிய தோழன் மைக், பாலத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டவன். தனியே நின்று லூவின் வெளியிட்ட இசைத்தட்டை வாங்குவார் இல்லை. குளிருக்கேற்ற மேலங்கி இல்லை. இரவுகளைக் கழிப்பதற்கு நண்பர்களின் வீட்டுச் சாய்மணைகளே தஞ்சம். நண்பன் ஜிம்மின் துணைவியாகிய ஜீன் கருவுற்றிருக்கிறாள். அதற்குக் காரணன் தானாக இருக்கலாம் என்ற பழியும் லூவினைச் சேர்கிறது. பேராசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து அவனுடைய கவனக்குறைவால் வெளியே ஓடிவிட்ட பூனையையும் அவன் தேடித் திரியவேண்டியிருக்கிறது.

ஈற்றில், சிக்காகோ நகரிலுள்ள இசை முகவர் பட் குரொஸ்மனை நாடிப் பனியினூடே நெடும் பயணம் போகிறான். அங்கும் அவன் எண்ணம் ஈடேறவில்லை. பாட்டையே விட்டுப் பழையபடி கப்பல் வேலைக்குப் போவோம் என்றால், அதற்கான பத்திரமும் தொலைந்துபோகிறது. திரும்பவும் கேஸ்லைட், திரும்பவும் அதே பாட்டு. கடையின் பின்புறத்துச் சந்திலே ஒருவன் அவனை அடித்து வீழ்த்துகிறான். படம் தொடங்கியதும் இந்த அடியோடுதான். முடிவதும் இந்த அடியோடுதான். அடி விழுகின்ற அவ்வேளையில், உள்ளே மேடையிலே பெயர் சொல்லப்படாத சுருட்டைமுடி இளைஞன் ஒருவன் பாடத் தொடங்குகின்றான். அவன் பொப் டிலன் என்பதைப் பார்ப்பவர் அறிவர். அக்கடையில் அமர்ந்திருப்போர் அறியார்.

மூன்று முறைப்பாடுகள்

பார்வையாளரின் முதலாவது முறைப்பாடு, கதாநாயகன் நல்லவனாக இல்லையே என்பது. லூவின் கடன்படுகிறான், உதவி செய்தவரைக் கடிந்துகொள்கிறான், சக பாடகரை இகழ்கிறான். பேராசிரியரின் மனைவி, இறந்த மைக்கின் பகுதியை அன்போடு சேர்ந்து பாட முற்படும்போது, விருந்து மேசையிலேயே அவரைச் சீறி அழவைக்கிறான். இத்தகையவனுடைய துன்பத்துக்காக நாம் ஏன் இரங்குதல் வேண்டும் எனப் பலர் வினவினர்.

இரண்டாவது முறைப்பாடு, படத்திலே ஒன்றும் நிகழவில்லை என்பது. தொடங்கிய இடத்திலேயே கதை முடிகிறது. பாடகன் ஓரடியேனும் முன்னே வைக்கவில்லை. இக்குறையை நெறியாளரும் அறியாதவரல்லர். படத்திலே கதையோட்டம் என்று சொல்லத்தக்கது இல்லாமை ஒரு கட்டத்தில் தம்மைக் கவலைப்படுத்தியதென்றும், பூனையைக் கொண்டுவந்து சேர்த்தது அதனாலேயே என்றும் ஜோயல் கோயன் வேடிக்கையாகக் கூறியதுண்டு.

மூன்றாவது முறைப்பாடே கனமானது. அது அக்காலத்தையும் அச்சூழலையும் நேரில் அறிந்தோரிடமிருந்து வந்தது. லூவின் கற்பனைப் பாத்திரம். எனினும் அவன் பாடும் பாடல்கள் சிலவும், அவனுடைய இசைத்தட்டின் பெயரும், கப்பல் வேலையும், சிக்காகோப் பயணமும் டேவ் வான் ரொங்க் என்னும் உண்மைப் பாடகரின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. 1936இல் நியூயோர்க்கிற் பிறந்து 2002இல் மறைந்த வான் ரொங்க், கிரீனிச் வில்லேஜ் பாடகர்களிடையே மூத்தவராக மதிக்கப்பட்டவர். அவருடைய நினைவுக்குறிப்புகள் எலைஜா வால்டின் துணையோடு நூலாகி 2005இல் வெளிவந்தன. கோயன் சகோதரர்க்கு வித்தாக அமைந்தது அந்நூலே.

வான் ரொங்க்கின் முன்னாள் மனைவி டெரி தால், 2013 டிசம்பரில் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையிலே இப்படத்தைப் பற்றித் தம் மனக்குறையை வெளியிட்டார். தம் கணவருக்குப் பாட்டு ஒரு வேள்வியாக இருந்தது. லூவினுக்கோ அது வெறும் பிழைப்பாகவே தோன்றுகிறது. இப்படத்தில் வருவோரில் எவரும் பாட்டை நேசிப்பவராகவே காணப்படவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். பிற்காலத்தில் அதே வில்லேஜிலிருந்து எழுந்த பாடகி சூசான் வேகாவும் வெகுண்டார். போட்டியும் காதலும் குடியும் சண்டையும் தோழமையுமாகக் கொதித்துக்கொண்டிருந்த ஓர் உலகத்தைக் கசக்கி, மந்தமான சோகப் படமாக்கிவிட்டனர் என்றார் அவர். லூவின் வேறு, வான் ரொங்க் வேறு என்று எலைஜா வால்டும் எடுத்துரைத்தார்.

சாட்சிகளின் வழக்கு

இவ்வழக்கை நாம் எளிதிலே தள்ளிவிட முடியாது. வரலாறு இவர்கள் பக்கம் நிற்கிறது. 1957இல் இஸ்ரேல் யங் என்பவர் மக்டூகல் வீதியிலே நாட்டுப் பாடல் நிலையமொன்றைத் திறந்தார். நூலும் இசைத்தட்டும் விற்கும் கடையாக இருந்த அதுவே பாடகர்கள் கூடும் சாவடியாகவும் இருந்தது. ஞாயிறுதோறும் வாஷிங்டன் சதுக்கத்துப் பூங்காவிலே இளைஞர் கூடிப் பாடினர். கேஸ்லைட்டிலே கேட்போர் கைதட்டாது விரல்களைச் சொடுக்கித் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தனர் என்பர். கைதட்டும் ஓசை காற்றுப்போக்கி வழியே மேல்மாடிகளிற் குடியிருந்தோரின் உறக்கத்தைக் கெடுத்தமையே அதற்குக் காரணமாம். மேல்வீட்டாரின் உறக்கத்தையும் விடாமல், பாட்டையும் விடாமல் ஒரு வழி கண்டுகொண்ட சபையை மந்தமான சபை என்று யார் சொல்வார்?

படம் காட்டும் குளிர்காலம் கழிந்து சில வாரங்களுள் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதனினும் முக்கியமானது. பூங்காவிற் பாடுவதற்கு நகர நிர்வாகம் அனுமதி மறுத்தது. 1961 ஏப்ரல் 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாடகரும் இரசிகரும் நூற்றுக்கணக்கிலே திரண்டு, தடையை மீறிப் பாடினர். பொலிசார் தலையிட்டனர், கைகலப்பு மூண்டது, சிலர் கைதாகினர். பின்னும் கிளர்ச்சி ஓயவில்லை. மே மாதத்திலே தடை நீங்கியது. பாடும் உரிமைக்காக ஒரு கூட்டம் வீதிக்கு இறங்கி வென்ற அதே ஆண்டினைத்தான் கோயன் சகோதரர் தம் படத்துக்குத் தெரிந்தனர். ஆனால் அக்கூட்டத்தின் மூச்சுப் படத்திலே கேட்கவில்லை.

இன்னுமொன்று. 1961இல் நியூயோர்க்குக்கு வந்து சேர்ந்த இளைஞர் டிலன், படுக்க இடமின்றித் திரிந்த நாட்களிலே வான் ரொங்க் தம்பதியின் வீட்டுச் சாய்மணையிற் படுத்துறங்கியவர். வாழ்க்கையிலே பிறர்க்குச் சாய்மணை கொடுத்தவர், படத்திலே பிறர் வீட்டுச் சாய்மணைகளைத் தேடி அலைபவனாக உருமாறிவிட்டார்! டெரி தால் மனம் நொந்ததிலே வியப்பென்ன?

ஆயினும் இவ்வழக்கிலும் ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது. படத்திலே தோழமை முற்றாக இல்லாமற் போகவில்லை. ஒலிப்பதிவு நிலையத்திலே கூலி கிடைக்கும் வேலைக்கு லூவினை அழைப்பவன் ஜிம். படுக்க இடம் கொடுப்பவன் அல் கோடி என்னும் சக பாடகன். வாயார வைதபோதிலும், மீண்டும் கேஸ்லைட்டிலே பாட வாய்ப்புத் தேடிக்கொடுப்பவள் ஜீன். சீறப்பட்ட பேராசிரியர் குடும்பமும் அவனை மீண்டும் வரவேற்று உணவளிக்கிறது. சமூகம் அங்கே இருக்கிறது. அதனை ஏற்றுக்கொள்ளும் ஆற்றலே லூவினிடத்து இல்லை. தோழனை இழந்த துயரம் அவனை அவ்வாறு இறுக்கிவிட்டது. இரட்டைக் குரலில் ஒன்று நின்றுபோன பின்னர், எஞ்சிய குரல் தனக்கென ஓரிடம் தேடித் தடுமாறுவதே இப்படத்தின் துயரம். பேராசிரியரின் மனைவி மைக்கின் பகுதியைப் பாடும்போது அவன் சீறுவதன் காரணமும் இதுவே. அவன் நடத்தையை நாம் மன்னிக்க வேண்டியதில்லை, விளங்கிக்கொள்ளலாம்.

நம்மைச் சோதிக்கும் பாடல்

'பாட்டை நேசிப்பவர் எவருமில்லை' என்ற குற்றச்சாட்டுக்குப் படம் வசனத்தால் விடை கூறவில்லை, பாட்டினாலேயே கூறுகின்றது. பொதுவாகத் திரைப்படங்களிலே பாட்டின் தொடக்கத்தைச் சிறிது காட்டி, உடனே கேட்போரின் முகங்களையும் கைதட்டலையும் காட்டிக் கதையை நகர்த்துவர். டி-போன் பேர்னெட்டின் மேற்பார்வையில் இசையமைந்த இப்படத்திலோ, லூவினாக நடித்த ஒஸ்கார் ஐசக் படப்பிடிப்பின்போதே தம் சொந்தக் குரலிற் பாடி, தாமே கிற்றார் வாசித்தார். பாடல்களிற் பல முழுமையாக ஒலிக்கின்றன. பார்ப்பவர் ஓடித் தப்ப வழியில்லை. அமர்ந்து கேட்டே ஆகவேண்டும்.

சிக்காகோக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆளில்லாத மண்டபம், எதிரே முகவர் குரொஸ்மன். ஏதாவது பாடு என்கிறார். விலைபோகக்கூடிய உற்சாகமான பாட்டொன்றைப் பாடியிருக்கலாம். லூவினோ, பிரசவ வேதனையில் உயிர்விடும் ஜேன் அரசியின் கதைப்பாடலைப் பாடுகிறான். 1537இல் மகனைப் பெற்ற சில நாட்களுள் மாண்ட, இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் மனைவி ஜேன் சீமோரைப் பற்றியதாகக் கருதப்படும் பழம்பாடல் அது. அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் சைல்ட் 19ஆம் நூற்றாண்டிலே திரட்டிய புகழ்பெற்ற தொகுதியில் அதன் இலக்கம் 170. கருவுற்ற பெண்ணொருத்தியின் இக்கட்டைப் பின்னே விட்டுவந்தவன், தாயும் சேயும் பற்றிய பாட்டைத் தெரிந்தெடுக்கிறான்! வாயினாற் கேட்கத் தெரியாத மன்னிப்பை அவன் பாட்டினாற் கேட்கிறானோ என எண்ணத் தோன்றுகிறது. பாட்டு முடிகிறது. குரொஸ்மன் சற்று மௌனமாயிருந்து, இதிலே பெரும் பணம் தென்படவில்லை என்கிறார்.

பழந்தமிழ் ஆற்றுப்படை நூல்களிலே, பரிசில் பெற்று மீளும் பாணன் எதிரே வரும் பசித்த பாணனுக்கு வள்ளலின் வாயிலைக் காட்டி வழிப்படுத்துவான். லூவினின் பயணம் அதற்கு நேர்மாறானது. வழியிலே எதிர்ப்பட்டுப் பரிசிலின் பெருமை கூறுவார் எவருமில்லை. வாயிலில் இருப்பவரும் வள்ளல் அல்லர், வணிகர். வள்ளலின் முன் பாட்டு, பாணனின் தகுதிக்குச் சான்று. வணிகரின் முன் அது சரக்கு. குரொஸ்மனைக் கொடியவராகப் படம் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் கவனமாகவே கேட்கிறார். தம் தொழிற் கணக்கிலே சரியாகவே மதிப்பிடுகிறார். இரு ஆண்களும் ஒரு பெண்ணும் சேர்ந்த குழுவொன்றில் இடம் தரவும் முன்வருகிறார். அப்பாத்திரத்துக்கு மூலமாகிய உண்மை முகவர் அல்பேட் குரொஸ்மன் 1961இல் அமைத்த அத்தகைய மூவர் குழுவே 'பீட்டர், போல், மேரி'. 1962இல் வெளியான அவர்களின் முதல் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டியது.

இவ்விடத்திலேதான் படம் பார்ப்போர் சோதனைக்கு உள்ளாகின்றனர். அம்மண்டபத்திலே குரொஸ்மன் கேட்ட அதே பாட்டை, அதே நீளத்துக்கு, நாமும் கேட்டோம். நம் தீர்ப்பு என்ன? 'ஒன்றும் நிகழவில்லை' என்று சொல்லி எழுந்து போவோமாயின், நாமும் குரொஸ்மன் இருந்த கதிரையில் இருந்தே பேசுகின்றோம். வெற்றி என்னும் சான்றிதழ் இல்லாத பாட்டை அதன் பொருட்டே கேட்கும் செவி நமக்கு உண்டா என்பதே வினா.

இதே நெறியாளரும் இதே பேர்னெட்டும் 2000ஆம் ஆண்டிலே தந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' என்னும் படத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கும் பழம்பாடல்களே; அங்கும் ஓட்டாண்டிகளே பாடுகின்றனர். ஆனால் அவர்களுடைய பாட்டு அவர்கள் அறியாமலே நாடெங்கும் பரவி, முடிவிலே அவர்களைக் காப்பாற்றுகிறது. மக்கள் அதனைக் கொண்டாடினர்; இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றது; 2002இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுதிக்கான 'கிராமி' பரிசும் பெற்றது. பாடல்களிலே தரவேறுபாடு பெரிதில்லை. வேறுபட்டது முடிவு. ஒன்றிலே பாடகர் வென்றனர், மற்றதிலே தோற்றான்.

இன்னொரு முரணும் உண்டு. படத்திலே லூவின் உள்ளூர இகழ்ந்துகொண்டே பதிவு செய்யும் கோமாளிப் பாட்டொன்று வருகிறது. விண்வெளிக்கு அனுப்பாதீர் என்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடியை மன்றாடும் பாட்டு அது. உடனடியாகப் பணம் தேவைப்பட்டமையால், விற்பனையிற் பங்கு கேளாது, 200 டொலர் கூலியோடு அமைகிறான். பின்னர் அப்பாட்டே பணம் கொட்டப்போகிறது என்று கேள்விப்படுகிறோம். வெளியுலகிலும் நிகழ்ந்தது என்ன? 'கோல்டன் குளோப்' பரிசின் புதிய பாடலுக்கான பிரிவிலே இப்படத்திலிருந்து முன்மொழியப்பட்டது அக்கோமாளிப் பாட்டே. மரபுப் பாடல்கள் அப்பிரிவுக்கு உரியன அல்ல என்பது உண்மைதான். எனினும் கதை திரையைக் கடந்து வெளியே வந்து நின்றது போலன்றோ இது!

கேளாத செவி

இதுவரை சபையைப் பற்றியே பேசினோம். பாடகனும் ஒரு வேளை சபையில் அமர்பவனே. லூவின் எத்தகைய இரசிகன்? இவ்வினாவிலேதான் படத்தின் ஆழம் தங்கியிருக்கிறது. குறைப்பட்டோரிற் பலர் கவனியாது விட்ட இடமும் இதுவே.

சக பாடகன் பாடும்போது சபையினர் சேர்ந்து பாடினால், லூவின் அருவருப்போடு சுற்றுமுற்றும் பார்க்கிறான். ஈற்றிலே, அர்க்கன்சா மாநிலத்திலிருந்து வந்த வயது முதிர்ந்த பெண்ணொருத்தி, மடியிலே தந்திவாத்தியத்தை அணைத்தபடி, கூச்சத்தோடு மேடையிற் பாடுகிறாள். நகரத்து இளைஞர் இசைத்தட்டுக் கேட்டுக் கற்ற கலை அவளுக்குப் பிறந்த மண்ணின் பேச்சு. மண்வாசனை என்பது அந்த மேடையில் எவரிடத்தேனும் இருந்ததாயின், அவளிடத்தேதான். குடிவெறியிலே லூவின் அவளை இழிமொழி கூறிக் குலைக்கிறான். நாட்டுப் பாடலையே வெறுப்பதாகக் கூவுகிறான். மறுநாள் சந்திலே அவனை அடித்து வீழ்த்துபவன் அப்பெண்ணின் கணவன்.

படத்தின் தொடக்கத்திலே இவ்வடி நமக்குக் காரணமற்ற கொடுமையாகத் தோன்றிற்று. காரணம் அறிந்தபின், தனக்குச் செவிசாய்ப்பார் இல்லையே என்று வருந்தியவன், உண்மையான நாட்டுப் பாடகி ஒருத்திக்குச் செவிகொடுக்க மறுத்தமைக்கான கூலியாக அது தெரிகிறது. கதாநாயகன் நல்லவனாக இல்லை என்ற முறைப்பாட்டுக்கு இதனிலும் நேர்மையான விடை இருக்கமுடியாது. அவன் நல்லவன் என்று படம் எங்கும் சொல்லவில்லை. அவன் பாட்டு நல்லது என்றே சொல்கிறது. இரண்டையும் பிரித்தறிய வேண்டிய பொறுப்புக் கேட்பவருடையது.

தந்தையைக் காணச் செல்லும் காட்சியும் இத்தகையதே. முதியோர் இல்லத்திலே பேச்சற்றுக் கிடக்கும் பழைய கப்பலோட்டிக்கு, மீனவரின் வாழ்வைப் பாடும் பாட்டொன்றை மகன் பாடுகிறான். இவான் மக்கோல் என்பார் 1960இல் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியொன்றுக்காக, மீனவர்களின் வாய்மொழியைக் கேட்டு இயற்றிய பாட்டு அது. கிழவரின் கண்களிலே ஏதோ ஒளி எழுவதுபோற் தோன்றுகிறது. பாட்டு சென்று சேர்ந்துவிட்டது என்று நாம் நெகிழும் வேளையில், அவர் தம்மை அறியாமல் மலங்கழித்துவிட்டமை தெரியவருகிறது. திரையரங்குகளிலே இவ்விடத்திற் சிலர் சிரித்தனர், சிலர் முகஞ்சுளித்தனர். நாம் எதிர்பார்த்த 'சபையின் கண்ணீர்' அங்கே கிடைக்கவில்லை. ஆயினும் பாடிய பாட்டுப் பாடியதே. மகன் தந்தைக்கு அதனைப் பாடித்தான் இருக்கிறான்.

வென்றவனும் தோற்றவனும்

படத்தின் குறைகளை மறைக்கவேண்டியதில்லை. அந்நாளைய வில்லேஜின் களிப்பை அது குறைத்துக் காட்டியது. ஜீனின் பாத்திரம் வசை பொழிவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது. அவளுடைய பக்கத்து நியாயம் போதிய அளவு விரிக்கப்படவில்லை. வான் ரொங்க் என்னும் பெருந்தகையை அறியாத தலைமுறையினர் லூவினையே அவரென மயங்கவும் கூடும். ஆகவே சாட்சிகள் பேசியது நன்றே. அவர்களின் வாக்குமூலமும் படத்தோடு சேர்த்து வைக்கப்படவேண்டியதாகும்.

ஆனால் வான் ரொங்க்கின் வாழ்வே இப்படத்தின் மையக் கருத்துக்கு ஒரு சான்றளிக்கின்றது. 'ரைசிங் சன்' என்னும் வீட்டைப் பற்றிய பழம்பாடலுக்கு அவர் தமக்கென ஓர் இசைவடிவம் அமைத்துப் பாடிவந்தார். டிலன் அவ்வடிவத்தைத் தம் முதல் இசைத்தட்டிலே பதிவு செய்தார். பதிவு செய்த பின்னரே அனுமதி கேட்டார் என்பது வான் ரொங்க் சொல்லிவந்த செய்தி. 1962இல் இசைத்தட்டு வெளிவந்தபின், வான் ரொங்க் அதைப் பாடினால், டிலனைப் பார்த்துப் பாடுகிறார் என்று சபையோர் கருதத் தலைப்பட்டனர். அவர் அதனைப் பாடுவதையே நிறுத்தவேண்டியதாயிற்று. 1964இல் ஆங்கிலேயரான 'அனிமல்ஸ்' குழுவினர் அதே பாடலால் உலகப்புகழ் பெற்றதும், அக்குழுவைப் பார்த்துப் பாடுவதாகப் பழி சுமந்தவர் டிலன்!

வேடிக்கையான கதைதான், எனினும் நாட்டுப் பாடலின் இயல்பு முழுவதும் இதிலே அடங்கியிருக்கின்றது. பாட்டு கைமாறிச் செல்கிறது. சபையோ இறுதியாகப் பாடியவனையே உரியவனாக எண்ணுகின்றது. இடையிலே அதனைச் சுமந்தவர், செதுக்கியவர், குளிரிலே நின்று பத்துப்பேர் முன்னிலையிற் பாடியவர் பெயரற்றுப் போகின்றனர். அல் கோடியின் அறையிலே லூவின் தன் விற்பனையாகாத இசைத்தட்டுப் பெட்டியை மேசையின் கீழே தள்ள முயல்கிறான். அங்கே அல் கோடியின் விற்பனையாகாத பெட்டி ஏற்கெனவே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. டிலன் ஒருவர் எழுவதற்குப் பின்னே இத்தகைய பெட்டிகள் எத்தனை கிடந்தன என்பதை அச்சிறு காட்சி உணர்த்துகின்றது.

படம் வெளிவருமுன்னர், 2013 செப்டெம்பர் 29ஆந் திகதி, நியூயோர்க் 'டவுன் ஹோல்' மண்டபத்திலே, படத்தின் பாடல்களையும் அக்காலத்துப் பாடல்களையும் கொண்டாடும் இசைவிழாவொன்று நடைபெற்றது. ஜோன் பயஸ் முதலிய புகழ்பெற்றோர் பாடினர். சபை மகிழ்ந்து ஆரவாரித்தது. லூவின் தனியே நின்று பாடியபோது பணம் தென்படாத அதே வகைப் பாடல்களே அவை. வான் ரொங்க் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2004இல், அவர் வாழ்ந்த பகுதியிலே ஒரு வீதித் துண்டுக்கு அவருடைய பெயர் இடப்பட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. பிந்தி வரும் பாராட்டும் பாராட்டே.

ஆனால் பெயர்ப்பலகை நட்ட பின்னர் வீதியை அறிவது எவர்க்கும் இயலும். புகழ் பெற்ற பின்னர் பாட்டைப் புகழ்வதற்கும் பெரிய இரசனை வேண்டியதில்லை. மாணவர்க்கு நாட்டுப் பாடலைக் கற்பிப்போரும், அதனைத் தேடித் திரட்டுவோரும், மேடையிலே அதனைக் கேட்போரும் இப்படத்திலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. பாட்டைத் தாளிலே காப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. அதனைப் பாடுபவர் இனியவரோ, கடியவரோ, நாளை பெயர் பெறுவாரோ, பெறாரோ, அவர் பாடுகின்ற அந்த வேளையிலே நம் செவியை அவருக்குக் கொடுத்தல் வேண்டும். லூவினுக்குச் சபை அதனைக் கொடுக்கவில்லை. அர்க்கன்சாப் பெண்ணுக்கு லூவின் அதனைக் கொடுக்கவில்லை. இவ்விரு தவறுகளையும் அருகருகே வைத்துக் காட்டியமைக்காகவே, குறைகளோடு கூடிய இப்படம் மீண்டும் மீண்டும் பார்க்கத்தக்கதாகின்றது.